சீம்பால்

ரேணுகாவின் கையிலிருந்த கிண்ணம் நடுக்கூடத்தில் கவிழ்ந்தது.

செவலைப் பசு கன்று போட்டதும் கறந்த சீம்பால். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அப்போதுதான் காய்ச்சி இறக்கியது. அத்தனையும் நாத்தனார் சரோஜினியின் கால்மாட்டில் கிடந்தது.

ரேணுகாவுக்கு எட்டு மாதம். சரோஜினிக்கு ஏழு.

சீம்பால் சூடு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று மருமகளுக்கு ஒரு கரண்டிகூடக் கொடுக்கவில்லை பச்சையம்மா. பொத்தேரியிலிருந்து மகள் வந்து இறங்கியதும், வாயும் வயிறுமாக இருக்கிறவள் ஆசைப்பட்டுவிட்டாள் என்று கிண்ணம் தளும்ப ஊற்றினாள். அதை மருமகள் கையிலேயே கொடுத்தும் அனுப்பினாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

மாமியாரின் வாய்க்காகக் காத்து நின்றாள் ரேணுகா.

இரண்டு மாதமாக வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமா? விடியற்காலையில் மாட்டுக்கடியில் உட்கார்ந்தால் விரல்கள் மரத்துப்போகும். காம்பைப் பிடிக்க வராது. பால் செம்பு எத்தனையோ முறை கவிழ்ந்துவிட்டது.

"பால் கறக்குற நேரத்துல மட்டும் கை மரத்துப் பூடுமா? வேலைக்கு டிமிக்கி குடுக்குறா" என்று பள்ளிக்கரணை முழுக்கச் சொல்லிவைத்தாள் பச்சையம்மா. ஒருநாள் அதே செம்பை எடுத்து முழங்கையில் ஒரு போடும் போட்டாள். கணவன் ஜெயவேலு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கை போனதைவிட, நம்புவதற்கு ஒரு நாதி இல்லையே என்பதுதான் ரேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுதான் தாம்பரத்து டாக்டரம்மா மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். கர்ப்பத்தில் நீர் கோத்து நரம்பை அழுத்துகிறது, பிரசவமானால் சரியாகிவிடும், அதுவரை பால் கறக்கவே விடக் கூடாது என்று ஜெயவேலுவைப் பிடித்துச் சத்தம் போட்டாள்.

பச்சையம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். தரையைப் பார்த்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"வுடு சரோ. கை மரத்துப் போனவ இன்னா பண்ணுவா, பாவம்."

குனிந்து அவளே துடைக்க ஆரம்பித்தாள்.

செம்பு தானாக நழுவிய நாளிலெல்லாம் கிடைக்காத வார்த்தை அது.

ரேணுகா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கிண்ணத்தின் சூட்டில் ஒரு விரல் பாக்கியில்லாமல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.