முதல் கவளம்

மாடித் தொட்டியின் இடுக்கில் கிடந்ததை அவள் குனிந்து எடுத்தாள்.

சோற்று உருண்டை. காய்ந்து கல்லாகியிருந்தது.

பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பின்னால் நான்கைந்து.

மாமனாரின் ஆஸ்பத்திரி வேட்டிகளை உலர்த்த வந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு நகத்தால் ஒன்றைப் பிளந்தாள்.

உள்ளே ரோஸ் நிறத் துகள்கள்.

அந்த ரோஸ் அவளுக்குத் தெரியும். ஆறு மாதமாக இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அவள் நசுக்கிய நிறம். மாமனாரின் பிரஷர் மாத்திரை.

எதிர்மாடியில் வடகம் காய வைத்துக்கொண்டிருந்த பூரணி அம்மா நிமிர்ந்தாள்.

“பெரியவர் வெச்ச சோறா? பாவம்மா. தினம் மத்தியானம் காக்காய்க்கு வெச்சுட்டுக் காத்துக் கெடப்பாரு. அது ஒரு கொத்து கொத்தும், அலகைத் தொடச்சுக்கிட்டுப் பறந்துடும். உன் மாமியாதான் காக்காயா வர்றதா நெனப்பு. ‘உங்க அக்காவுக்கு என்மேல கோவம் இன்னும் தீரலை’ம்பாரு. அப்புறந்தான் சாப்பிடவே எறங்குவாரு.”



போன வருடம் அத்தை போவதற்கு முந்தின நாள். மாத்திரை வேண்டாம் என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா அவள் வாயைப் பிடித்துத் திறந்து ஊட்டினார். அத்தை அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

மறுநாள் அத்தை இல்லை.

அன்றிலிருந்து மாமாவுக்கு மாத்திரை என்றாலே ஆகாது. கொடுத்தால் மாத்திரைகள் தலையணைக்கு அடியில் போய்விடும். சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் சாமர்த்தியசாலி ஆனாள்.

வேலைக்குப் போகுமுன் தட்டில் சாப்பாட்டை எடுத்து மூடி வைப்பாள். சோற்றின் மேலே, பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த ஒரு சின்ன உருண்டை. தட்டிலேயே ருசியான வாய் அதுதான். அதற்குள் மாத்திரைத் தூள்.

சாயங்காலம் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். ஏமாற்றிவிட்டோம் என்று அவளுக்குச் சிரிப்புகூட வரும்.

நல்ல கவளத்தில் அவள் மருந்தை வைத்தாள்.

நல்ல கவளத்தை அவர் மனைவிக்கு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாடியேறுவதைப் பார்த்திருக்கிறாள். காலாற நடக்கிறார் என்று நினைத்தாள். கையில் என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் அவர் கை கழுவும் இடத்திலேயே சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டார்.

“ஒரு நாள்கூட தவறலை, டாக்டர்.”

தயங்காமல் சொன்னாள். டாக்டர் தலையாட்டிவிட்டு ஒன்றை இரண்டாக்கி எழுதினார்.

வேட்டிகள் வாளியிலேயே கிடந்தன. மாடியில் நின்றபடியே டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். நல்லவேளை சொன்னீர்கள், பழையபடி ஒன்றே போதும் என்றார்.

டாக்டரிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

கீழே மாமா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். நேற்றுத்தான் வீடு வந்தார். ஒரு பக்கம் கோணிய வாயோடு அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குக் குற்ற உணர்வாக இருந்தது.

தட்டில் சோறு போட்டாள். பருப்பு, நெய். வேறு ஒன்றும் இல்லை.

அவர் ஜன்னலைக் காட்டினார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். இடது கையால் வைக்க மனம் வராது அவருக்கு.

அந்த வலது கையைத் தூக்கி அதில் உருண்டையை வைத்தாள். அதன் அடியில் தன் கையைக் கொடுத்து, ஜன்னல் விளிம்புவரை கொண்டுபோய் வைத்தாள்.

காக்காய் வந்தது.

கொத்தியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. மறுபடி கொத்தியது. விளிம்பில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கோணிய பக்கமாக வழிந்தது.

“தீந்துடுச்சும்மா,” என்றார், குழறலாக. “அவ கோவம் தீந்துடுச்சு.”

இப்படியே விட்டுவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் சந்தோஷமாக இருக்கிறார்.

ஆனால் ஆறு மாதம், தினம் ஒரு மத்தியானம், மாடியில் நின்றிருக்கிறார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். இடது உள்ளங்கையை விரித்தாள். அதில் பொத்தி வைத்திருந்த ரோஸ் மாத்திரை வியர்வையில் லேசாகச் சாயம் விட்டிருந்தது.

“அத்தைக்குக் கோவமே இல்லை மாமா. நான்தான் இதைப் பொடி பண்ணி உங்க சோத்துல வெச்சேன். தினமும்.”

மாமா மாத்திரையைப் பார்த்தார். காலியாகக் கிடந்த ஜன்னல் விளிம்பைப் பார்த்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“கசந்திருக்கும்,” என்றார். “அன்னிக்கும் அவளுக்குக் கசந்திருக்கும்.”

பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் குழிவாக்கி, பிரசாதத்துக்கு நீட்டுவதுபோல் அவள் முன்னால் நீட்டினார்.

மாத்திரையை வைத்தாள். தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் அதை வாயிலிட்டு மென்றார்.