வலப்பக்கம்

கடைசி நாளில் மேய்ப்பர் வருவார், செம்மறிகளை வலப்பக்கம் நிறுத்துவார், வெள்ளாடுகளை இடப்பக்கம் நிறுத்தி அணையாத நெருப்புக்கு அனுப்புவார் என்று அந்தப் பட்டியில் எல்லா ஆடுகளும் நம்பின. அதனால் இப்போதிருந்தே செம்மறிகள் வலப்பக்கம்தான் படுக்கும்.

செவலை என்கிற செம்மறியும் அப்படி நம்பித்தான் இருந்தது. அதன் குட்டி செத்துப் பிறந்தது. தாயில்லாத ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்கு, வாசனையில் தன் குட்டி என்றே செவலை நம்பட்டும் என்று, அந்தச் செத்த குட்டியின் தோலைப் போர்த்தி அதன் மடியில் விட்டார் இடையர். மூன்றாம் நாள் தோலை எடுத்துவிட்டார். செவலை பால் கொடுப்பதை நிறுத்தவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. மேயும்போது பாதியில் நிமிரும், படுத்தால் எழும்பும். ஒருநாள் குட்டியோடு இடப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

செம்மறிக்கிடா வலப்பக்கம் இருந்தபடியே கூப்பிட்டது. "இந்தா தங்கச்சி, அங்க என்ன வேலை உனக்கு?"

"இது என்ன பாவம் பண்ணுச்சு அண்ணே?"

"வெள்ளாடாப் பொறந்துச்சுல்ல."

"நெருப்புல கெடந்து கத்துனா வலப்பக்கம் கேக்குமா?"

"கேக்காது. அங்க ஒரே பாட்டுச் சத்தமா இருக்குமாம்."

குட்டி மடியைத் தேடியது. செவலை எழுந்து அசையாமல் நின்றுகொடுத்தது; குட்டி முட்டி முட்டிக் குடித்தது.

"காது கேக்காட்டியும் நேரத்துக்குப் பால் கட்டிக்குமே அண்ணே. அங்க அதை யாருக்குக் குடுப்பேன்?"