முடிவைச் சொல்லிடுவேன்!

கண்புரை ஆபரேஷன் முடிந்து லியாகத் அலி பாய் வீடு திரும்பிய மறுநாள் அந்த போன் வந்தது. வண்ணாரப்பேட்டையில் மொத்த ஜவுளி வியாபாரம். தெரியாத நம்பர் என்றாலும் எடுத்தே ஆகவேண்டும்.

"இன்னா பாய், கண்ணு எப்டி கீது?" கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். "ஆழிமகுடம் கடைசி பாகம் இன்னும் படிக்கல இல்ல? யாரு சாவறாங்கன்னு சொல்லட்டா?"

பாய் அலறிக்கொண்டு போனைத் தலையணைக்கு அடியில் புதைத்தார்.

'ஆழிமகுடம்' பத்து பாகங்கள் கொண்ட மாயக்கதை. தினமும் கடையை மூடியதும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, இளவரசி செங்கயலோடும் அவள் வளர்த்த யாளி கருவாயனோடும் கடல் கடந்துகொண்டிருந்தவர் பாய். பத்தாம் பாகத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார். அது கைக்கு வந்த வாரத்தில்தான் டாக்டர், "புதுக் கண்ணாடி எழுதித் தர்ற வரைக்கும் ஒரு மாசம் படிக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார். மனைவி ஜஹானாரா வாசித்துக் காட்ட முன்வந்தாள். இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை விட்டாள்.

போன் மறுபடியும் அடித்தது.

"துட்டெல்லாம் வாணாம் பாய். உங்கிட்ட கீற மொத பாகத்தை ஒரு பையில போட்டு, விம்கோ நகர்ல மூடிக் கெடக்குதே பேக்டரி, அது கேட்டாண்ட வெச்சுட்டுப் போய்டு. இல்லாங்காட்டி முடிவைச் சொல்லிடுவேன்!"

பாய் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"கதையோட முடிவைச் சொல்லிடுவேன்னு மிரட்டறான் மேடம்."

எஸ்.ஐ. மலர்க்கொடி பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லட்டுமே. படிக்கிற வேலை உங்களுக்கு மிச்சம்தானே?"

இதற்குமேல் அங்கே பேசிப் பயனில்லை. பாய் ஆட்டோ பிடித்து சாத்தாங்காட்டுக்குப் போனார். அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் வெள்ளத்துரை அண்ணாச்சிதான் ஆழிமகுடம் வாசகர் வட்டத்தின் தலைவர். முதல் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, படம் போட்ட பதிப்பு, 'செங்கயல்' என்பது கடைசிவரை 'செங்கல்' என்றே அச்சாகி, வெளியீட்டாளர் திரும்பப் பெற்ற பதிப்பு என்று வெளிவந்த எல்லாமே அவரிடம் உண்டு.

"யோசிச்சுப் பாரும் பாய்" என்றார் வெள்ளத்துரை. "முடிவைச் சொல்லுவேன்னு மிரட்டணும்னா மொதல்ல முடிவு தெரிஞ்சிருக்கணும்லா? நம்ம வட்டத்துல கடைசி பாகத்தை முடிச்சது ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு ராயபுரம் ஜெமிமா டீச்சர்."

"உங்ககிட்ட இல்லாத பதிப்பா அண்ணாச்சி? என்னோட டீக்கறை புடிச்ச புக்கு உங்களுக்கு எதுக்கு?"

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

பாய் ராயபுரத்துக்கு ஓடினார். ஜெமிமா டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனாள்.

"அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம அழுதவ நான். முடிவு தெரிஞ்ச யாராவது அதை வெளிய சொல்லுவாங்களா பாய்? ஏன்னா அந்த..."

"வாணாம்மா, வாணாம்!" காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார் பாய்.

வேறு வழியில்லாமல் முதல் பாகத்தைக் கொண்டுபோய் வைத்தார். மூன்றாம் நாளே இரண்டாம் பாகத்தைக் கேட்டு போன் வந்தது. பிறகு மூன்று, நான்கு. மிரட்டுகிறவன் வரிசை மாறாமல் கேட்டான். ஆளைப் பிடிக்க வெள்ளத்துரையே பேக்டரிச் சுவர் ஓரம் மறைந்து நின்றார்.

"ஒரு நாய் ஓடியாந்துச்சு பாய். அதை வெரட்டிட்டுத் திரும்பினேன், பையைக் காணோம்!"

பாயின் அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. டாக்டர் கொடுத்த கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடைசி போன் வந்தது.

"பத்தாம் பாகத்தைக் கொண்டா பாய்."

"டேய், அதை நான் இன்னும் படிக்கவே இல்லடா!"

"அப்ப கேட்டுக்க. கடைசில..."

"வெச்சுடறேன்! வெச்சுடறேன்!"

ஜஹானாராவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு புக்குக்காகவா இப்டி பேஜாராவுறீங்க? என்னமோ சொல்லித் தொலைக்கட்டும், விடுங்க" என்றாள். பாய்க்கு மனசு கேட்கவில்லை. வெள்ளத்துரைக்கு போன் போட்டார்.

"குடுத்திரும் பாய்" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. "புஸ்தகம் போனா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம். காதுல விழுந்த முடிவை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீரு?"

நியாயமாகத்தான் பட்டது. புதுக் காகிதத்தின் வாசனையை ஒருமுறை ஆழ இழுத்துக்கொண்டு, பாய் அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வரும்போது, அழக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அழுதார்.

அன்று சாயங்காலம் சாத்தாங்காட்டில் வெள்ளத்துரை, அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு அந்தப் பையைத் திறந்தார். சுற்றிலும் கண்ணாடி அலமாரிகளில் அவருடைய பதிப்புகள் அத்தனையும் கண்ணாடிக் காகித உறையோடு மின்னின. அவற்றில் ஒன்றைக்கூடப் பிரித்து அழுக்காக்க இன்றுவரை அவருக்கு மனசு வந்ததில்லை. விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பாயின் பத்தாம் பாகத்தில் முதல் பக்கத்தைப் புரட்டினார்.

கடைசியில் சாகப்போவது யார் என்பது, மிரட்டியவருக்கு இனிமேல்தான் தெரியவேண்டும்.