அலமாரி இருப்பவர்களுக்கு மட்டும்

“எனக்குத் தர்ற மாதிரி வெல்டர் அண்ணனுக்கும் ஒரு வார மருந்தை மொத்தமா குடுங்க டாக்டர்.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று நர்ஸ் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“போதையை விடுறதுக்கான மருந்தும்மா. பாலத்தடியில படுக்கிறவன் வித்துடுவான். தினம் எட்டு மணிக்கு வந்து என் முன்னாடி முழுங்கட்டும்.”

“எட்டு மணிக்கு வேலைக்குப் போகலைன்னா அவர் வேலையே போயிடும்.”

“பூட்டுற அலமாரி இருக்கா அவனுக்கு? நீ படிச்சவ, வீடு வாசல் உள்ளவ.”

“ஆறு மாசத்துல நான் ஒரு மாத்திரையாவது வித்தேனா?”

“சேச்சே! ஒரு யூரின் டெஸ்ட்லகூட நீ மாட்டலையே!”

அவள் தன் சீட்டிலிருந்த விலாசத்தை அடித்துவிட்டு, ‘மேம்பாலம், நாலாவது தூண்’ என்று எழுதினாள்.

“வீடுன்னு எழுதினது பொய். மருந்துப் பெட்டி என் இடுப்புல, சாவி கழுத்துல. குடுத்தா ரெண்டு பேருக்கும் குடுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து நானும் வரிசையில நிக்கிறேன்.”

டாக்டர் பேனாவை எடுத்து, “ஏம்மா, அந்த வெல்டரை வரச் சொல்லு! ரெண்டு பேருக்கும் எழுதித் தர்றேன்!” என்று கூப்பிட்டபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.