ஓர் எதிரியின் விலை

பேரம் பேசத் தெரிந்தால், விருதுநகரில் நல்ல எதிரி ஒருவர் மூன்று மூட்டை துவரம்பருப்புக்குக் கிடைப்பார். ஒரு கடை படுத்தாலும் ஊர் பட்டினி கிடக்கக் கூடாதென்று வந்த புதுச் சட்டப்படி, தெருவுக்கு இரண்டு மளிகைக் கடைகள் கட்டாயம். ஒன்றை மூடினால் மற்றதன் ஷட்டரும் தானாக இறங்கிவிடும். எதிர்க்கடை வெயிலுமுத்து கடையை மூடிவிட்டு மகனோடு ஓசூருக்குக் கிளம்புகிறார் என்றதும் காசிராஜன் பதறி ஓடினார்.

“அண்ணாச்சி, போயிராதீங்க. என் பொழப்பே போயிரும்.”

“என் பருப்புல பாதி கல்லுன்னு நேத்துகூட ஊரெல்லாம் சொன்னீரே?”

“அதையே ரெண்டு மூட்டை நானே வாங்கிக்கிறேன்.”

“மூணு. கல்லே இல்லேன்னு மைக்குலயும் சொல்லணும்.”

சொன்னார். வெயிலுமுத்து கட்டிய பெட்டியைப் பிரித்தார்.

காசிராஜன் மனக்கணக்குப் போட்டார். வரவு, ஓர் எதிரி. செலவு, மூன்று மூட்டைக் காசும் கொஞ்சம் மானமும். பாக்கி, இருபது வருடப் பகை. அதை நாளைக் காலை கடை திறந்ததும் தொடர வேண்டும்.