புதுப் பொட்டு

அரசாங்கத்தின் எந்த ரகசியக் கோப்பையும் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஆனால் வாசலைத் தாண்டியதும், உள்ளே படித்ததும் நடந்ததும் படித்தவருக்கு மறந்துவிடும். இரண்டு தரப்புக்கும் நியாயமான சட்டம் என்று பெயர். படித்ததன் அடையாளம் எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மாவட்ட வாசிப்பு அறையில் குழல்வாய்மொழியின் வேலை. கோப்புகளை அவள் படிப்பதில்லை.

முப்பிடாதி பதினோராவது தடவையாக வந்திருந்தாள். அரசாங்க வேலையாக மலைக்குப் போய்த் திரும்பாத கணவனின் கோப்பை முதல் தடவை போலவே பிரித்தாள். நான்காம் பக்கத்தில் வழக்கம்போல நின்றாள். வேர்வையில் கரைந்திருந்த நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

குழல்வாய்மொழி ஈரத்துணியால் அவள் முகத்தையும் முந்தானையையும் துடைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள்.

“நிமிருங்கக்கா.”

“வேண்டாம் தாயி.” அதையும் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

பொட்டு வைத்து, கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிவந்தாள்.

“படிச்சிட்டனா?” என்றாள் முப்பிடாதி.

“படிச்சிட்டீங்கக்கா.”

கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்ததும் முப்பிடாதி சிரித்துவிட்டாள்.

“பஸ்ல வரும்போதே வேர்வையில கரைஞ்சு போச்சு. உள்ள நானே புதுசா வச்சிருக்கேன் பாரு. அப்போ நல்ல சேதிதான். அவுக நல்லாத்தான் இருக்காக.”

குழல்வாய்மொழி விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தை முதுகுக்குப் பின்னால் சேலையில் துடைத்துக்கொண்டாள்.