பதிமூணு நாள் வருஷம்

சிதம்பரத்தில் பாடம் நடத்திவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே கடலூர் வந்து சேர்ந்திருந்தாள் வெண்மதி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கணவன் சார்லஸ் பேப்பரை நீட்டினான்.

“பூமி மாதிரியே, ஆனா பெருசா ஒரு கிரகமாம் டீச்சர். பக்கத்து நட்சத்திரத்தத்தான் சுத்துதாம்.”

“பக்கமா? அங்கேர்ந்து வெளிச்சம் வரவே இருபது வருஷம் ஆவும்.”

“அங்க ஒரு வருஷம் பதிமூணே நாள்ல முடிஞ்சிடுமாமே, நெசமா?”

“நெசந்தான். நட்சத்திரம் சின்னது. கிரகம் அத ஒட்டியே வேகமா சுத்துது. ஒரு சுத்து முடிஞ்சா ஒரு வருஷம். பசங்கதான் கேள்வி கேட்டுக் கொல்றானுங்கன்னா, நீங்களும் ஏன் உசுர வாங்கறீங்க?”

சார்லஸ் உள்ளே போய் ஒரு சின்ன கேக்கைக் கொண்டுவந்து வைத்தான். நடுவில் ஒற்றை மெழுகுவர்த்தி.

“யாருக்குப் பொறந்த நாளு?”

“நம்ம பையனுக்கு.”

வெண்மதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பதிமூன்று நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளை. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம், “ஒரு வயசுகூட ஆவல, அதுக்குப் போயி இப்படி அழுவறியே” என்றுதான் தேற்றினார்கள்.

“இனிமே யாராச்சும் அப்படிச் சொன்னா, கணக்கு தப்புன்னு சொல்லு டீச்சர்” என்றான் சார்லஸ். “நம்ம புள்ள முழுசா ஒரு வருஷம் வாழ்ந்திருக்கான்.”